பல் டாக்டர்கிட்ட நம்ம கார்டு நம்பர் எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் சின்னதாத் தெரியும். ஆனா மொத்தச் சம்பளமும் ஒரே ஒரு டெபிட் கார்டுல வந்து விழுற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். ரூட் கெனால் பண்ணிக்கப் போறீங்க, இல்ல பிள்ளைக்குப் பல் கிளிப் போடப் போறீங்க. ரிசப்ஷன்ல, "கார்டை முன்னாடி பின்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறோம் சார், ஒவ்வொரு தவணைக்கும் நீங்க அலைய வேண்டாம்"னு சொல்றாங்க. கொடுக்கலாமா? அவங்க அதை வச்சுக்கலாமா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். கொடுக்க வேண்டாம். இந்தியாவில் ஒரு கிளினிக் உங்கள் முழு கார்டு நம்பரைச் சேமித்து வைத்திருக்க அனுமதி இல்லை. தவணைக்கு ஒத்துக்கறது வேற, கார்டைக் கொடுத்து வைக்கறது வேற. இந்த ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கறதுலதான் சிக்கலே ஆரம்பிக்குது.

கிளினிக் ஏன் கேட்குது?

டாக்டர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துடுவோம். பல் வைத்தியம் பெரும்பாலும் ஒரே நாளில் முடியற வேலை இல்லை. ரூட் கெனாலுக்கு ரெண்டு மூணு சிட்டிங் ஆகும், அப்புறம் கேப் போடணும். இம்ப்ளாண்ட் என்றால், தாடையில் வைத்த திருகு எலும்போடு சேர்வதற்கே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதுக்கப்புறம்தான் மேல பல் வைப்பாங்க. கிளிப் என்றால் சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு வருடம்.

இப்போ ஒரு டாக்டர் அளவெடுத்து, லேபுக்கு அனுப்பி, காசு கொடுத்து கேப் செஞ்சு வச்சிருக்கார். பேஷண்ட் திரும்பி வரலைன்னா அந்தக் கேப்பை வேற யார் வாயிலயும் பொருத்த முடியாது. நஷ்டம் முழுசா கிளினிக்குக்கு. இன்னொரு பக்கம், இங்கே பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் அடிபட்டால் தவிர சாதாரணப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. கைக்காசுதான். அதனால தவணை வேணும்னு நாம கேக்கறோம், தவணைக்கு உத்தரவாதம் வேணும்னு அவங்க கேக்கறாங்க. ரெண்டுமே நியாயம்தான்.

கார்டை ஃபைலில் வைத்துக்கொள்வது அமெரிக்கப் பல் கிளினிக்குகளில் சாதாரண வழக்கம். காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுக்கும் என்பது அங்கே பின்னாடிதான் தெரியும். மீதித் தொகையைப் பேஷண்டின் கார்டில் எடுத்துக்கொள்வார்கள். அங்க ஒவ்வொரு தடவையும் ஓடிபி வந்தாகணும்னு கட்டாயம் இல்லை. நம்ம ஊரு சட்டம் வேற.

விதி என்ன சொல்லுது?

ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் பேமென்ட் நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு விவரத்தைத் தங்களிடம் சேமிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. கெடு சில முறை தள்ளிப்போய், கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கார்டு கொடுத்த வங்கி, அப்புறம் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரியான நெட்வொர்க். இந்த ரெண்டு பேரைத் தவிர, பணம் கைமாறும் சங்கிலியில் இருக்கும் வேறு யாரும் முழு கார்டு விவரத்தை வைத்திருக்கக் கூடாது. பெரிய ஷாப்பிங் ஆப்புக்கும் இதே விதிதான். டோல்கேட் பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்ட பல் கிளினிக்குக்கும் இதே விதிதான்.

கணக்கு சரிபார்க்கறதுக்காக அவங்க வச்சுக்கக்கூடியது கார்டின் கடைசி நாலு எண், வங்கியின் பெயர். அவ்வளவுதான். கார்டின் பின்னால் இருக்கும் சிவிவி எண்ணோ எந்த ஊரிலும் வணிகர் சேமிக்கக் கூடாத ஒன்று. உலகம் முழுக்க கார்டு நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட பாதுகாப்புத் தரம், பரிவர்த்தனை அனுமதி ஆன பிறகு அந்த எண்ணை வைத்திருப்பதைத் தடை செய்கிறது. அமெரிக்க கிளினிக்கும் சிவிவியை எழுதி வைக்க முடியாது.

"ஓடிபி என்கிட்டதானே வரும்?"

நிறைய பேர் கேக்கற கேள்வி இது. நம்பர் அவங்ககிட்ட இருந்தா என்ன, ஓடிபி என் போனுக்குத்தானே வரும்? பாதி சரி. இந்தியாவுக்குள் நடக்கும் ஆன்லைன் பரிவர்த்தனைக்குப் பொதுவாக இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் பல வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபி கேட்பதில்லை. பதினாறு இலக்கம், காலாவதி தேதி, சிவிவி. இந்த மூணும் இருந்தாப் போதும். கார்டின் முன்பக்கம், பின்பக்கம் ரெண்டு போட்டோவில் அந்த மூணுமே இருக்கு.

அந்த போட்டோ எங்க போகுதுன்னும் யோசிங்க. ரிசப்ஷன்ல இருக்கற தங்கச்சியோட போன்ல கேலரிக்குப் போகுது. அங்கேயிருந்து தானா கூகுள் போட்டோஸ்க்கு ஏறுது. வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு ஃபார்வர்டு ஆகுது. ஆறு மாசத்துல அவங்க வேலையை விட்டுப் போறாங்க, போனும் கூடவே போகுது. யாரும் திருடணும்னு நினைக்கவே வேண்டாம். ஒரு போன் தொலைஞ்சா போதும்.

இன்னொண்ணு, இதைப் பலரும் கவனிக்கறதில்லை. பணம் போனால் யார் பொறுப்பு என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை ஓர் அடிப்படை வகுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வேறெங்கோ கசிந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் கார்டு விவரத்தை நீங்களே பகிர்ந்து, அந்த அலட்சியத்தால் பணம் போனது என்றால், வங்கிக்குச் சொல்லும் வரை போன தொகை உங்கள் தலையில்தான். கார்டை போட்டோ எடுக்க நீட்டினதை வங்கி எந்தக் கணக்குல சேர்க்கும்? நம்ம பக்கம் வாதாடறது கஷ்டம்.

அப்போ தவணைக்கு என்ன வழி?

ரெண்டு வழி இருக்கு, ரெண்டுலயும் கிளினிக்குக்கு உங்க கார்டு நம்பர் தெரியவே வேண்டாம்.

முதலாவது டோக்கன். கிளினிக்கின் ஆன்லைன் பேமென்ட் பக்கத்தில் நீங்களே கார்டு விவரத்தை ஒருமுறை போட்டு, ஓடிபி கொடுத்து, சேமிக்கச் சம்மதிக்கிறீர்கள். கார்டு நம்பருக்குப் பதிலாக வேறொரு எண் உருவாகும். அந்த எண் அந்த ஒரு வணிகரிடம் மட்டும்தான் செல்லும். யாராவது திருடினாலும் வேற கடையில பயன்படாது. துணிக்கடையில பையை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு டோக்கன் கொடுப்பாங்கல்ல, அதே மாதிரி. அந்தத் தகடு அந்தக் கடையிலதான் செல்லும், பக்கத்துக் கடையில வெறும் தகடு. எந்தெந்த வணிகரிடம் உங்கள் டோக்கன் இருக்கிறது என்று பார்க்கவும் நீக்கவும் வங்கி வசதி தர வேண்டும் என்பதும் விதி. இதற்கு உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆனா ஒண்ணு. டோக்கன் இருக்குங்கறதாலயே கிளினிக் இஷ்டத்துக்குப் பணம் எடுத்துட முடியாது. மாதாமாதம் தானாக எடுக்க வேண்டும் என்றால் இ-மேண்டேட் வேண்டும். அதுதான் இரண்டாவது வழி. கார்டிலும் செய்யலாம், யுபிஐ ஆட்டோபேயிலும் செய்யலாம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அந்தத் தடவை வேண்டாம் என்று நிறுத்தலாம், முழுசாவும் ரத்து செய்யலாம். இந்த மாதிரித் தவணைக்கு ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய உச்சவரம்பு ஒரு தடவைக்கு 15,000 ரூபாய். 2022 ஜூனுக்கு முன்னால் இது 5,000 ரூபாயாக இருந்தது.

காசிமேட்டு மே மாசம்

சரி, தொழில்நுட்பம் ரெடி. ஆனா வடசென்னைக்கு அது பொருந்துதா?

காசிமேட்டுல விசைப்படகுல போற ஒருத்தரை எடுத்துக்குங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். டிசம்பர்ல மகளுக்குக் கிளிப் போட்டு, மாசம் அஞ்சாம் தேதி ஆட்டோபேன்னு எழுதிக் கொடுத்தாச்சு. மே மாசம் அஞ்சாம் தேதி கணக்குல என்ன இருக்கும்? எண்ணூர், மணலி பக்கம் கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்களுக்கும் அதே கதைதான். ஷட்டவுன் வேலை இருக்கற மாசம் ஓவர்டைம் வரும். கான்ட்ராக்ட் முடிஞ்ச மாசம் ஒண்ணும் வராது. சம்பளத் தேதியே தள்ளிப் போகும்.

அதனால தேதியைப் பிடிச்சுத் தவணை போடறதைவிட, சிகிச்சையோட கட்டத்தைப் பிடிச்சுப் போடறது நம்ம பக்கத்துக்குச் சரியா இருக்கும். ரூட் கெனால் சிட்டிங்குக்கு அன்னைக்குள்ள காசு. கேப்புக்கு அளவெடுக்கறப்போ லேப் செலவை முன்பணமாக் கொடுத்துடுங்க. மீதி, கேப் பொருத்தற அன்னைக்கு. இப்படிச் செய்தால் கிளினிக்கின் உண்மையான பயம், அதாவது லேபுக்குப் போன காசு திரும்பாது என்ற பயம், தீர்ந்துவிடும். கார்டு ஃபைலில் இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாசல்ல ஒட்டியிருக்கற க்யூஆர்ல அனுப்பிடலாம். 2020 ஜனவரியிலிருந்து கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் கமிஷன் பிடிப்பதில்லை என்பதால் கிளினிக்குக்கும் இது லாபம்.

கிளிப் மாதிரி நீளமான சிகிச்சைக்கு மேண்டேட்தான் வசதின்னா, தடைக்கால ரெண்டு மாசத்தை விட்டுட்டு அட்டவணை போடச் சொல்லுங்க. கேக்கறதுல தப்பே இல்லை. செலவே தாங்காது என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1953ல் தொடங்கியது. கூட்டம் இருக்கும், நாள் பிடிக்கும், ஆனா கடன் இருக்காது.

"வட்டியில்லா இஎம்ஐ"னு சொன்னா

இதையும் சேர்த்துச் சொல்லணும். சில இடங்களில் தவணை கிளினிக்கோடு இருப்பதில்லை. ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் கிளினிக்குக்குக் கொடுத்துவிடும், நீங்கள் அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். அது தவணை இல்லை, உங்க பேர்ல கடன். கட்டத் தவறினால் கடன் மதிப்பெண் குறையும். சிகிச்சை பாதியில் நின்றாலும் கடன் தானாக நிற்காது.

அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்று ஒரு நிறுவனம் பல்லை வரிசைப்படுத்தும் அலைனர் விற்றது. 2023 டிசம்பரில் மூடிவிட்டது. சிகிச்சை அந்தரத்தில் நின்றது. ஆனால் மாதத் தவணையில் வாங்கியவர்கள் மிச்சத் தொகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றுதான் அறிவித்தார்கள். அதனால கையெழுத்துப் போடும் முன்னால ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நான் யாருக்குக் கடன்பட்டிருக்கேன், டாக்டருக்கா, கம்பெனிக்கா?"

ஏற்கெனவே கொடுத்துட்டீங்களா?

பதற வேண்டாம். முதலில் வங்கி ஆப்பைத் திறந்து கார்டு அமைப்புக்குப் போய், வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள். தேவையில்லை என்றால் ஆன்லைனையும் அணைக்கலாம். இந்த சுவிட்சை வங்கிகள் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020லேயே சொல்லிவிட்டது. சிவிவியோடு சேர்த்து போட்டோ போயிருந்தால், அந்த கார்டை முடக்கி வேறு கார்டு வாங்குவது நல்லது. மாற்றுக் கட்டணம் கொஞ்சம் ஆகும், பரவாயில்லை. அப்புறம் கிளினிக்கில் மரியாதையாகச் சொல்லி போட்டோவை அழிக்கச் சொல்லுங்க, குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் சேர்த்து. பணம் போயே விட்டது என்றால் உடனே வங்கிக்குச் சொல்லி, 1930க்கும் போன் பண்ணுங்க. நேரம்தான் இங்கே முக்கியம்.

கேட்டுக்கிட்டிருக்கற பல் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டில், எக்செல்லில், போனில் கார்டு விவரம் இருந்தால் இன்னைக்கே அழிச்சுடுங்க. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சின்ன கிளினிக்குக்கு அவ்வளவு போடமாட்டாங்கன்னே வச்சுக்குவோம். ஆனா ஒரு பேஷண்டோட சம்பளம் உங்க கிளினிக் போன் வழியா போச்சுன்னு திருவொற்றியூர்ல ஒரு தெருவுக்குத் தெரிஞ்சா, அடுத்த தெரு உங்ககிட்ட வராது. வைத்தியத்துக்கு வேண்டியது பல்லோட எக்ஸ்ரே. கார்டோட போட்டோ இல்லை.

உங்க கேள்வி ஏதாவது இருந்தா எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.