சந்தா கட்டுவதா, விலைக்கு வாங்குவதா? வீடியோ கேமுக்கு ஒரு மளிகைக்கடைக் கணக்கு

துவரம்பருப்பு நிலவரமும் எண்ணெய் விலையும் வரவேண்டிய பக்கத்தில் வீடியோ கேம் சமாசாரம் எதற்கு என்று உறுப்பினர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காரணம் இருக்கிறது.

சேரப்பணஞ்சேரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் வணிக நண்பர் ஒருவர் ஏஜென்சிக்குக் கொடுத்த காசோலை, சில நூறு ரூபாய் குறைவால் திரும்பிவிட்டது. கல்லாவில் பணம் இருந்தது, வங்கிக் கணக்கில்தான் இல்லை. தேடிப் பார்த்தால், அவருடைய பையன் எடுத்திருந்த விளையாட்டுச் சந்தா, கடைக் கணக்கோடு இணைத்த யு.பி.ஐ. வழியாக மாதாமாதம் தானாகப் பிடித்தமாகி வந்திருக்கிறது. ஏஜென்சிக்காரரோ அடுத்த லோடை ரொக்கத்துக்குத்தான் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். பல ஆண்டு நாணயத்துக்கு வந்த சோதனை அது. பையனைத் திட்டித் தீர்த்த பிறகு நண்பர் நம்மிடம் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் சந்தா லாபமா, நஷ்டமா?"

நியாயமான கேள்வி. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை முதல் ஒரகடம் வரை கடை வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க மெஸ் சாப்பாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. கம்பெனிப் பிள்ளைகள் மெஸ்ஸில் மாதப் பணம் கட்டுகிறார்கள். மூன்று வேளையும் தவறாமல் சாப்பிடுகிறவனுக்கு அது லாபம். நைட் ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கி, சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுகிறவனுக்கு அதே பணம் தண்டம். அவன் அளவுச் சாப்பாடு வாங்கித் தின்றிருந்தால் மிச்சம். வீடியோ கேம் சந்தாவும் இதே கணக்குத்தான். மாதம் ஒரு தொகை கட்டினால் பட்டியலில் உள்ள நூற்றுக்கணக்கான விளையாட்டுகளையும் ஆடலாம். கட்டுவதை நிறுத்தினால் இலையை எடுத்துவிடுவார்கள்.

தொகைக்கு வருவோம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017-இல் தொடங்கிய 'கேம் பாஸ்' இவ்வகைச் சந்தாவில் பேர்போனது. 2025 அக்டோபரில் அதன் உயர்ந்த வகையான 'அல்டிமேட்' சந்தாவை நம் நாட்டில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாயாக ஏற்றினார்கள். ஆண்டுக்கு 16,668 ரூபாய். பெரிய நிறுவனத்தின் புது விளையாட்டு ஒன்றை விலைக்கு வாங்க என்ன ஆகும்? 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதே சோனியின் புது விளையாட்டுகளுக்கு இந்தியாவில் 4,999 ரூபாய் விலை வைத்தார்கள். கணக்குக்கு ஒன்று 5,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு வருடச் சந்தா மூன்று புது விளையாட்டுகளின் விலைக்குச் சற்று மேல். வருடத்தில் மூன்றுக்கு மேல் புதிதாக ஆடி முடிக்காத பையனுக்கு வாங்குவதே மலிவு.

இங்கே கவனிக்க வேண்டியது 'ஆடி முடிக்கிற' என்ற சொல்லை. நூற்றுக்கணக்கில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். கடையில் எத்தனை அயிட்டம் இருக்கிறது என்பதா வியாபாரம்? எத்தனை நகர்கிறது என்பதுதானே! நாம் பார்த்த பிள்ளைகளில் பலர் வருடம் முழுக்க ஒரே கால்பந்து ஆட்டத்தையோ ஒரே துப்பாக்கி ஆட்டத்தையோதான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு மற்றதெல்லாம் தூங்குகிற சரக்கு.

வாங்குவதிலும் இரண்டு விதம் உண்டு. டிஸ்க்காக வாங்கினால் கைமாற்றி விற்கலாம், சித்தப்பா மகனுடன் மாற்றிக்கொள்ளலாம். ஆடி முடித்து உடனே பாதி விலைக்குத் தள்ளிவிட முடிந்தால் ஓர் ஆட்டத்துக்கு அடக்கம் 2,500 ரூபாய்தான். அப்போது வருடத்துக்கு ஆறு விளையாட்டு வரை வாங்குகிறவனுக்கே அனுகூலம். ஆனால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் போன்ற விலை குறைந்த பெட்டிகளில் டிஸ்க் போடும் வசதியே இல்லை. பெட்டியில் மிச்சம் பிடித்ததைப் பிறகு விளையாட்டில் விடுகிற கதை அது. பெட்டி வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செலவையும் சேர்க்க வேண்டும். விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கினாலும், நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆட இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் அடிப்படைச் சந்தா தேவை. எக்ஸ்பாக்ஸில் அதற்கு மேற்சொன்ன அக்டோபரில் மாதம் 499 ரூபாய், வருடத்துக்கு 5,988. வாங்கிவிட்டால் சந்தாவே கிடையாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

டிஸ்க் இல்லாமல் இணையத்தில் 'வாங்குவது' என்ன ரகம்? பணம் கொடுத்ததால் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை விற்றது. 2024 மார்ச் 31-இல் அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். முழு விலை கொடுத்தவரும் ஆட முடியவில்லை. இதில் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் விமோசனம் இல்லை, ஏனென்றால் சர்வர் இல்லாமல் அந்த ஆட்டம் ஓடாது. இதுபோன்ற குறைகளுக்குப் பிறகு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், இப்படி விற்கும்போது இது உரிமம்தான், உடைமை அல்ல என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் அமலாக்கினார்கள். கூகுள் தன் 'ஸ்டேடியா' சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது விளையாட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எல்லாரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

சந்தாவிலும் சரக்கு நிலையில்லை. 'ஜி.டி.ஏ. 5' என்ற புகழ்பெற்ற ஆட்டம் 2020 ஜனவரியில் கேம் பாஸ் பட்டியலில் சேர்ந்து, மே மாதமே விலகிவிட்டது. பாதியில் ஆடிக்கொண்டிருந்தவன் தொடர வேண்டுமானால் விலைக்கு வாங்க வேண்டியதுதான்.

இதெல்லாம் பெட்டி வைத்திருப்பவர்கள் பாடு. நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர், வல்லம் வடகால், ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள், போனில்தான் ஆடுகிறார்கள். அதற்கு கூகுள் 2022-இல் இந்தியாவில் 'ப்ளே பாஸ்' கொண்டுவந்தது. தொடக்க விலை மாதம் 99 ரூபாய், வருடத்துக்கு 889. பட்டியலில் உள்ள ஆட்டங்களில் விளம்பரம் வராது, உள்ளே தனியாகக் காசும் கேட்காது, குடும்பத்தில் ஐந்து பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மோசமில்லை என்பது நம் அபிப்பிராயம். பணம் கரைவது 'இலவச' ஆட்டங்களில்தான். சட்டை, துப்பாக்கி, வைரம் என்று ஐம்பதும் நூறுமாக நம் கடையில் சில்லறைக் கடன் ஏறுவது போலவே ஏறும். மாதக் கடைசியில்தான் தெரியும்.

சட்டத்தையும் ஒரு வரி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பந்தயப் பணமாக இல்லாத சந்தாவுக்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை. ஆகவே யாராவது போஸ்டர் ஒட்ட வந்தால் எந்த ஆட்டம் என்று கேட்டுவிட்டு இடம் கொடுங்கள்.

இனி, நண்பரின் காசோலைக்கு வருவோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வரவேண்டும். அவருக்கும் வந்திருக்கிறது. ஆர்டர் எடுக்கும் நேரத்தில் வந்த பத்துச் செய்திகளுக்கு நடுவே அதை யார் பார்ப்பது? பொதுவாக 15,000 ரூபாய்க்கு உட்பட்ட பிடித்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. கேட்பதில்லை. போனிலிருந்து விளையாட்டை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று அவர் பையன் நினைத்திருந்தான். நிற்காது. சந்தாவையே ரத்து செய்ய வேண்டும், யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போனால் எந்தெந்தப் பிடித்தம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். நம்மவர்கள் கடைக் கணக்கில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. கேபிள், சினிமா, பாட்டு என்று நாம் மறந்துபோன பிடித்தங்களும் அங்கே இருக்கக்கூடும்.

நண்பர் வீட்டில் இப்போது ஏற்பாடு இது: கடைக் கணக்கிலிருந்த சந்தா ரத்து. பையனுக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் போடுவதுதான் அவன் வரம்பு. மே மாத லீவில் மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டி, எடுத்த அன்றே ரத்து செய்துவிடுகிறான். கட்டிய மாதம் முடியும்வரை ஆடலாம். வருடம் முழுக்க ஆடும் அந்த ஒரு கால்பந்து விளையாட்டை மட்டும் டிஸ்க்காக வாங்கியிருக்கிறான். ஏஜென்சிக்காரர் இரண்டு லோடு ரொக்கத்துக்கு இறக்கிவிட்டு, மூன்றாவதிலிருந்து பழையபடி காசோலை வாங்கிக்கொள்கிறார்.