துவிச்சக்கரவண்டியின் நிறையைக் குறைக்கப் பணம் செலவிடலாமா?

2022ஆம் ஆண்டில் எரிபொருட் பஞ்சம் இலங்கையை வாட்டியபோது, மறந்திருந்த துவிச்சக்கரவண்டியை மக்கள் மீண்டும் நாடினர். வண்டியின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஒருங்கே ஏறின. இந்நிலையில், உருக்கு உறுப்புகளைக் கழற்றிவிட்டு இலேசான அலுமினிய உறுப்புகளைக் கூடிய விலைக்கு வாங்குதல் தகுமா என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

கண்டி மாநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஏரிக்கரை வீதியில் உலாவுவோருக்கு நிறை பெரும் பாரமன்று. ஹந்தானைச் சரிவில் ஏறுவோருக்கும், கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியே வருவோருக்குமே அதன் அருமை புலப்படும். சமதரையில் நம்மை எதிர்ப்பது பெரும்பாலும் காற்று; ஏற்றத்திலோ புவியீர்ப்பு.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாணவர் 60 கிலோ, உருக்கு வண்டி 18 கிலோ, புத்தகப் பை 2 கிலோ. ஆக 80 கிலோ. பெரும்பணம் கொடுத்து வண்டியில் ஒரு கிலோவைக் குறைத்தால், குறைவது எண்பதில் ஒரு பங்கே. 20 நிமிட ஏற்றத்தில் மிஞ்சுவது சுமார் 15 வினாடி! பையில் ஒரு லீற்றர் தண்ணீரை வைத்தால் அந்த இலாபமும் போய்விடும்.

பந்தய வீரருக்கு 15 வினாடி வெற்றியையே தீர்மானிக்கலாம். அதனாலன்றோ சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையலாகாதென 2000ஆம் ஆண்டில் விதி வகுத்தது! பள்ளிக்கும் பணிக்கும் செல்வோருக்கு அந்த அவசரம் இல்லை.

அவர்களுக்கு உகந்தது வேறு. பின்சில்லில் 18 பற்கள் கொண்ட பற்சில்லுக்குப் பதிலாக 22 பற்கள் கொண்டதைப் பூட்டினால், மிதிக்க வேண்டிய விசை ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். ஏறும் வேகம் குறையுமெனினும் முழங்கால் பிழைக்கும். செலவோ சொற்பம்.

எனினும், இலேசான உறுப்புகளுள் ஒன்றை மட்டும் நாம் தயங்காது பரிந்துரைப்போம். அது றிம் எனப்படும் சில்லு வளையம். குரோம் பூசிய உருக்கு வளையம் மழையில் நனைந்தால் பிறேக்கின் றப்பர் கட்டை அதனைப் பற்றாது வழுக்கும். அலுமினிய வளையத்தையோ ஈரத்திலும் நன்கு பற்றும். மழை ஓயாத மலைநாட்டில் இறக்கத்தில் வரும் பிள்ளைக்கு இது உயிர்க்காப்பு. நிறை குறைவது மேலதிக இலாபமே.

ஆகவே பெற்றோரே, முதலிற் பிறேக்கையும் ரயரையும் செம்மை செய்யுங்கள். அடுத்து வளையத்தையும் பற்சில்லையும் மாற்றுங்கள். அதன் பின்னும் பணம் எஞ்சினால் இலேசான உறுப்புகளைப் பற்றிச் சிந்திக்கலாம். ஏறுவதற்குச் சில வினாடி பிந்தினாற் குற்றமில்லை. இறங்கும்போது வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.