அடைபட்ட மூச்சுவழியும் மீண்டு வந்த பழைய குழாயும்

நுரையீரல் புற்றுநோய் என்றதும் மருந்து, கதிர்வீச்சு, அறுவைச் சிகிச்சை ஆகியவையே பேசப்படுகின்றன. ஆனால் இந்நோயாளிகளில் கணிசமானோருக்கு உடனடி ஆபத்து வேறொரு வடிவில் வருகிறது. கட்டியானது மூச்சுக்குழாயையோ அதன் இரு பெரும் கிளைகளில் ஒன்றையோ அடைத்துவிட்டால், மருந்து வேலைசெய்யும்வரை காத்திருக்க அவகாசம் இருப்பதில்லை.

வளர்ந்த ஒருவரின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலமுடையது. அது 8 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும்வரை பலருக்குத் தொல்லை தெரிவதில்லை. அதன்பின் படியேறினால் மூச்சு வாங்கும். 5 மில்லிமீட்டரை எட்டினால், அமர்ந்திருக்கும்போதே திணறல் ஏற்படும். இரைச்சலுடன் மூச்சு வருவதால் இதனை ஆஸ்துமா என்று தவறாகக் கருதி, வாரக்கணக்கில் இன்ஹேலர் கொடுப்பதும் உண்டு.

1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், விறைப்பான உலோகக் குழாயொன்றைச் செலுத்தி, விவசாயி ஒருவரின் மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டை வெளியே எடுத்தார். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷிகெட்டோ இகேடா வளையும் தன்மையுள்ள குழாயை உருவாக்கினார். நோயாளியை முழுமையாக மயக்கவேண்டிய தேவை குறைந்தது. உலோகக் குழாயைக் கையாளும் பயிற்சியும் பல இடங்களில் அருகிப்போனது.

ஆனால் நோயைக் கண்டறியச் சிறந்த இந்த வளையும் குழாய், ஏற்கெனவே குறுகிய வழியில் மேலும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெருகும் இரத்தத்தை விரைந்து உறிஞ்சவும் அதனால் இயலாது. உலோகக் குழாயோ உள்ளீடற்றது. அதன் வழியே நோயாளிக்குக் காற்றூட்டியபடி கருவிகளையும் செலுத்தலாம், அதன் முனையாலேயே கட்டியைக் குடைந்தும் எடுக்கலாம். 1980களில் பிரான்சின் மார்செய் நகரில் ழான் பிரான்சுவா துய்மோன் இதனுடன் லேசரை இணைத்துச் செய்த பணியே பழைய குழாய்க்கு மறுவாழ்வு அளித்தது எனலாம். வழியைத் திறந்து வைத்திருக்கும் சிலிகான் ஸ்டென்ட் பற்றி அவர் 1990இல் எழுதினார்.

எந்தக் கருவி என்பதைவிட, அடைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். கட்டி குழாயின் உள்ளே வளர்ந்திருந்தால் லேசர், மின்சூடு, உறைகுளிர் ஆகியவற்றால் அதனை அகற்றலாம். வெளியிலிருந்து அழுத்தினால் லேசர் பயன்படாது என்பதுடன், குழாயின் சுவரைத் துளைத்தும்விடலாம். அங்கு ஸ்டென்ட்டே வழி. அடைப்புக்கு அப்பாலுள்ள நுரையீரல் நெடுநாள் சுருங்கிக் கிடந்தாலோ, அதற்கான இரத்தநாளமும் அடைபட்டிருந்தாலோ, வழியைத் திறப்பதால் பலன் அரிது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. மூச்சுவழிக்குள் தீப்பற்றாமலிருக்க, லேசர் பயன்படுத்தும்போது ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே குறைக்கவேண்டும். அதிக ஆக்சிஜன் தேவைப்படுபவர்களோ இந்த நோயாளிகள்தான். குறைத்தால் தாங்காதவர்களுக்கு வெப்பமில்லாத முறைகளையே நாடவேண்டியுள்ளது. எனவே மருத்துவருக்கு நிகராக மயக்க மருந்து நிபுணரின் அனுபவமும் இங்கு தேவைப்படுகிறது. இத்தகைய குழு எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

இச்சிகிச்சை புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. ஸ்டென்ட் நகரலாம், சளியால் அடைபடலாம், கட்டி அதனைத் தாண்டியும் வளரலாம். ஆயினும் உரிய நோயாளிக்கு மூச்சு பெரும்பாலும் உடனேயே இலகுவாகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த சிலர் அதிலிருந்து விடுபட்டுள்ளனர். நோயெதிர்ப்பு மருந்துகள் சிலரது ஆயுளை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கும் இக்காலத்தில், அந்த மருந்துகளைப் பெறும் நிலைக்கு நோயாளியைக் கொண்டுசேர்க்கும் வழியாகவும் இது பயன்படுகிறது.