பழைய வேனும் எக்சோஸ் நட்டும்

தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவும், வேலையாட்களை இறக்கி ஏற்றவும் பழைய நிசான் வெனட் வேன்களை ஓட்டுகிறவர்கள் நம்மவர்களில் இன்னும் இருக்கிறார்கள். புது வேன் வாங்க எல்லாராலும் முடியுமா? இருக்கிற வேனைக் காப்பாற்றி ஓட்டுவதுதான் வழி. ஆகவே, எக்சோஸ் நட்டுகளைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். "நட்டுதானே, இதுல என்ன இருக்கு?" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

சி22 ரக வெனட்டில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எக்சோஸ் மேனிஃபோல்ட் நட்டு தளர்ந்தாலோ, ஸ்டட் உடைந்தாலோ, அங்கிருந்து கசியும் புகை வேனுக்குள் ஏறக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கக் கலக்கம் வரும். அளவு மீறினால் உயிரே போகும். பின்னால் சாய்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, "பாவம், அசந்து தூங்குது" என்று நாம் இருந்துவிடக் கூடாது.

இந்த நட்டுகள் ஏன் இறுகிக் கொள்கின்றன? இந்த இன்ஜினின் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, ஸ்டட் எஃகு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் சூடேறி, ஆறி, விரிந்து சுருங்கும்போது மரையில் துரு பிடிக்கிறது. நம் நாட்டு மழையும் ஈரமும் அதற்குத் துணை. பத்து வருஷம் தொடாமல் விட்ட நட்டு ஸ்டட்டோடு ஒன்றாகிவிடும். அதை முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஸ்டட் முறியும். முறிந்த துண்டை ஹெட்டிலிருந்து துளைபோட்டு எடுக்கப் பட்டறையில் நிறைய வெள்ளி கொடுக்க வேண்டிவரும்.

கழற்றும் நேரம் வந்தால் அவசரப்படாதீர்கள். முதல் நாள் மாலையே, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் நட்டின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஆறு பட்டைக்கும் சரியாகப் பொருந்தும் சாக்கெட்டைப் போடுங்கள். முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு கழற்றுங்கள். கொஞ்சம் வந்தால் திரும்ப உள்ளே விட்டு, மறுபடி வெளியே எடுங்கள். நெருப்பு வைத்துச் சூடேற்றும் வேலையைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன.

திரும்பப் பூட்டும்போதுதான் நாளைய தலைவலியைத் தடுக்க முடியும். ஸ்டட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். தேய்ந்த ஸ்டட்டையும், பழைய நட்டையும், பழைய கேஸ்கட்டையும் மாற்றுங்கள். பித்தளை நட்டு கிடைத்தால் நல்லது. அது எஃகு ஸ்டட்டில் எளிதில் துருவேறி ஒட்டாது. மரையில் செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லிசாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் உருகிக் கருகிவிடும். கேஸ்கட்டின் மேல் பசை படக் கூடாது.

இன்னொன்று: பசை பூசிய நட்டு வழுக்கும். காய்ந்த மரைக்குச் சொன்ன அளவுக்கே இறுக்கினால் ஸ்டட் தாங்காது. கால் பங்கு குறைத்து இறுக்குவது பொதுவான வழக்கம். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போங்கள். சில நாள் ஓடியபின், இன்ஜின் ஆறியிருக்கும்போது, மறுபடி சரிபாருங்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, சூடேறியதும் அது அடங்குகிறதா? மேனிஃபோல்ட் ஓரத்தில் கரிப்புகை படிந்திருக்கிறதா? அப்படியானால் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டு போங்கள். அதுவரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஒரு டப்பா பசை ஒரு வேனுக்கு வருஷக்கணக்கில் வரும். ஒரே தோட்டத்தில் நாலு வேன் இருந்தால் நாலு பேரும் காசு போட்டு ஒரு டப்பா வாங்கி வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது கையோடு எடுத்துச் சென்று, "அண்ணே, இதைப் பூசிப் பூட்டுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நம் வண்டி, நம் பிள்ளைகள். கேட்பதில் கூச்சம் என்ன?