ரேடியேட்டருக்குள் தங்கிவிடும் காற்று

மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்றால் குழாயில் காற்று பிடித்திருக்கிறது என்பதை, செய்யாற்றங்கரையில் உள்ள காவாந்தண்டலத்திலோ உத்திரமேரூர் வட்டாரத்தின் வேறு எந்த ஊரிலோ கிணற்றுப் பாசனம் செய்யும் உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு, அதாவது தண்ணீரை மேலே விட்டுக் கீழே இறங்காமல் தடுக்கும் ஒருவழிக் கதவு, கசியத் தொடங்கினால் குழாயில் நின்ற தண்ணீர் வடிந்து அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பிறகு பம்பின் மேல்வாய் வழியாகக் குடத்தால் தண்ணீர் ஊற்றி, குமிழி அடங்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே மோட்டாரைப் போடுகிறார்கள். பம்புக்குள் சுழலும் விசிறி தண்ணீரை விளிம்புக்கு வீசி எறிந்துதான் மேலேற்றுகிறது. தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்த காற்றை அதே வேகத்தில் வீசினாலும் போதிய அழுத்தம் பிறப்பதில்லை. காரின் இன்ஜினோடு பொருத்தப்பட்டிருக்கும் வாட்டர் பம்பும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு வரும் நோயும் இதேதான். பட்டறைகளில் அந்த நோய்க்கு ‘ஏர் லாக்’ என்றும், அதைத் தீர்க்கும் வேலைக்கு ‘ஏர் எடுப்பது’ என்றும் பெயர்.

இன்ஜினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேற, ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தைக் குளிர்விப்பு நீர்மமாகிய கூலன்ட் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. இன்ஜினின் அடிப்பாகத்தையும் அதன் மேல் அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டையும் சுற்றிவரும் கூலன்ட், தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவு திறந்த பின்னரே ரேடியேட்டருக்குப் போகிறது. பெரும்பாலான கார்களில் இந்தக் கதவு 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்குவதால், கூலன்ட் அந்தச் சூட்டை எட்டும் வரை ரேடியேட்டர் இருக்கும் பக்கம் தனியாகவும் இன்ஜின் இருக்கும் பக்கம் தனியாகவும் கிடக்கின்றன. பழுது பார்த்த பிறகு மூடிவரை கூலன்ட் ஊற்றி, நிரம்பிவிட்டது என்று நம்புவது பொய்யாகும் இடம் இதுவே. கதவுக்கு அப்பால் அடைபட்ட காற்று அங்கேயே இருக்கிறது.

பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம் அவற்றின் உருவம். 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், தொடக்கத்தில் செய்யப்பட்ட சில ஆயிரம் வண்டிகள் நீங்கலாக, வாட்டர் பம்பே கிடையாது. சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் ஆகிய இயற்கை ஓட்டத்தைக் கொண்டே இன்ஜின் குளிர்ந்தது. 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரிலும் ரேடியேட்டர் நெட்டுக்குத்தாக உயர்ந்து நின்று, அதன் வாய் மேலே இருந்ததால், மூடியைத் திறந்துவைத்துச் சற்று நேரம் இன்ஜினை ஓடவிட்டாலே காற்று தானாக வெளியேறியது. எதிர்க்காற்றைக் கிழித்துச் செல்வதற்காகப் பிற்காலக் கார்களின் முகப்பைத் தாழ்த்திச் சரித்தபோது ரேடியேட்டரும் தாழ்ந்தது. இன்ஜினின் மேற்பகுதியோ, டாஷ்போர்டுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஹீட்டரோ குளிர்விப்புப் பாதையின் மேடாகிவிட, காற்று வெளியேறும் வாயை விட்டுவிட்டு அந்த மேட்டில் போய்த் தங்குகிறது. வண்டியின் அழகுக்கு மெக்கானிக் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம்.

மேட்டில் காற்று தங்குவது கார்களுக்கு மட்டும் உரியதன்று. 2004இல் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த புதிய வீராணம் திட்டம் போன்ற நெடுந்தொலைவுக் குழாய்களில், பாதை ஏறி இறங்கும் உச்சிகளில் ஏர் வால்வுகளை வைப்பது இதற்காகத்தான். சாலையோரத்தில் குழாய்த்தொடரின் ஏர் வால்வு கசிய, அதன் கீழே குடங்கள் வரிசையாக நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் பலர் கண்டது. பல கார்களின் தெர்மோஸ்டாட் கூட்டிலோ மேல் ஹோஸிலோ இருக்கும் சிறிய ‘பிளீடர்’ திருகு, அந்த வால்வின் குட்டி வடிவமே.

உள்ளே தங்கிய ஒரு கைப்பிடிக் காற்று பெருங்கேடு செய்வது எப்படி என்பதை இரண்டு எண்கள் விளக்கும். காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் தண்ணீரின் திறனில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஒரே கொள்ளளவை எடுத்துக்கொண்டால் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் காற்று சுமப்பது மூவாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. எனவே குமிழி நிற்கும் இடத்தில் உலோகம் குளிர்விப்பாரற்று விடப்படுகிறது. அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைவதும், ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் இடையே வைக்கும் ஹெட் கேஸ்கெட் கருகுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. இதனினும் கொடியது, வெப்ப உணரி குமிழிக்குள் சிக்கிக்கொள்ளும் நிலை: நீர்மம் தொடாத உணரி உண்மைச் சூட்டை அறியாததால் டெம்பரேச்சர் முள் சாதுவாக நிற்கிறது, ஃபேனும் ஓடுவதில்லை, இன்ஜின் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. முள் திடீரென ஏறி இறங்குவது, டாஷ்போர்டுக்குப் பின்னே குடத்தில் நீர் மொள்ளுவது போன்ற களகளப்புக் கேட்பது, மேல் ஹோஸ் கொதிக்கக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருப்பது ஆகியவை காற்று உள்ளே இருப்பதற்கான அடையாளங்கள்.

வாட்டர் பம்போ ரேடியேட்டரோ ஹோஸோ மாற்றிய பின் செய்யவேண்டிய முதல் வேலை அளவு பார்ப்பது. கையேடு 5 லிட்டர் என்று சொல்லும் வண்டி 3 லிட்டரிலேயே நிரம்பி வழிந்தால், வடியாமல் தங்கிய பழைய கூலன்ட் போக மீதியெல்லாம் காற்று என்று கொள்ள வேண்டும். வண்டியின் மூக்குச் சற்றே மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினால் நிரப்பும் வாய் உயர்ந்து காற்று அதை நோக்கி வரும். குளிர்ந்த இன்ஜினில், பிளீடர் திருகைத் தளர்த்திவிட்டு, கூலன்டை மெல்லிய தாரையாக ஊற்றுகையில் திருகின் வழியே முதலில் சீறலும், பிறகு நுரையும், கடைசியில் குமிழியற்ற ஒழுக்கும் வரும். அந்த ஒழுக்கு வந்த பின்னரே திருகை மூட வேண்டும். அடுத்து மூடியைத் திறந்துவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மெக்கானிக் ஹீட்டரைப் போடுவது கண்டு சிரிக்கும் வண்டிக்காரர்கள் உண்டு. ஆனால் சில கார்களில் ஹீட்டருக்குச் செல்லும் வால்வு திறந்தால்தான் அந்த வளையத்தில் நின்ற காற்று நகரும் என்பதோடு, டாஷ்போர்டிலிருந்து வரும் காற்று சூடாகிறதா என்பதே கூலன்ட் அங்கு எட்டியதற்குக் கைமேல் சான்று. தெர்மோஸ்டாட் திறந்த கணத்தில், அதுவரை அசையாதிருந்த மட்டம் குபுக்கென்று கீழிறங்கும். அப்போது நிரப்பி, ஹோஸ்களைப் பிசைந்துவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பலர் பொறுமையிழப்பது இந்த இடத்தில்தான்.

இப்படி மூடியைத் திறந்துவைத்து ஓட்டுவது குளிர்ந்த இன்ஜினில் தொடங்கும்போது மட்டுமே. மூடி இறுகியபடி சூடேறிய இன்ஜினில் மூடியைத் தொடக்கூடாது. மூடி 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கையில் உள்ளே இருக்கும் வெறுந்தண்ணீர்கூட 120 டிகிரிவரை கொதிக்காமல் கிடக்கிறது. திறந்த நொடியில் கொதிநிலை 100க்கு விழ, ஒரு பகுதி நீர் ஆவியாக வெடித்து, மிச்சத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் அடிக்கிறது. அதே மூடியில் உள்நோக்கித் திறக்கும் இன்னொரு சிறு வால்வும் இருப்பதால், இரவில் இன்ஜின் குளிர்ந்து, உள்ளிருக்கும் கூலன்ட் சுருங்கும்போது ரிசர்வ் பாட்டிலில் இருந்து கூலன்ட் திரும்ப இழுக்கப்படுகிறது. எஞ்சிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது இந்த மூச்சில்தான். மூடியின் ரப்பர் நைந்திருந்தால் ஏர் எடுத்த வேலை அத்தனையும் வீண்.

கூலன்டோடு கலப்பதற்குப் போர் தண்ணீரை ஊற்றுவது தவறு. குடத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும், ஆகையால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் வாலைவடி நீரே ஏற்றது. வடித்த பழைய கூலன்டை மண்ணில் கொட்டுவது அதைவிடத் தவறு: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு, நாயும் ஆடும் நக்கிச் சாகும்.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் ரேடியேட்டர் வாயில் குமிழி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், அது தங்கிப்போன காற்று என்று எண்ணக்கூடாது. பெரும்பாலும் பழுதான ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகுகின்ற எரிந்த வாயுவே அது, அதற்கு வைத்தியமும் வேறு. குமிழி அடங்கிவிட்ட வண்டியிலும், மறுநாள் காலையில் கிளப்புவதற்கு முன் ரிசர்வ் பாட்டிலைப் பார்த்து, மட்டம் இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும். அடுத்தடுத்த இரண்டு காலைகளில் மட்டம் அசையாமல் நிற்கும் வரை, வண்டியை உத்திரமேரூர்வரை எடுத்துப் போகலாமே தவிர, திருப்பதிக்குக் கிளம்ப வேண்டாம்.