ராடு கடைசியில்தான்

நீர்மேல் வேட்டை – தொடர் 6

மீன்பிடிச் சாமான் கடைக்குள் நுழைகிறவரின் கை முதலில் போவது ராடுகள் சாத்தி வைத்திருக்கும் மூலைக்குத்தான். ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்ப்பார். நுனியைக் கூரையில் முட்டுக்கொடுத்து வளைத்துப் பார்ப்பார். “எத்தனை கிலோ மீன் தாங்கும்?” என்று கேட்பார். ராடு முடிவானதும் அதற்கொரு ரீல். மிச்சக் காசுக்குத் தூண்டில் நரம்பு. பில் போடும்போது கண்ணில் படும் லூர்களில், அதாவது செயற்கை இரைகளில், நிறம் பிடித்ததாக இரண்டு.

நீர்மேல் மீன்பிடிப்பில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் மேற்பரப்பு. எந்த லூர் என்பதை அது சொல்லும். லூரும் செடியும் சேர்ந்து நரம்பைத் தீர்மானிக்கும். நரம்பும் முள்ளும் சேர்ந்து ராடைத் தீர்மானிக்கும். மீனின் எடை இந்தக் கணக்கில் நாம் நினைப்பதைவிடச் சிறிய பங்குதான் வகிக்கிறது.

விரால் ஏன் அடிக்கடி மேலே வருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். செவுளால் மட்டும் அதனால் பிழைக்க முடியாது; காற்றையும் விழுங்கியாக வேண்டும். மேற்பரப்பு அதற்கு மூச்சுக்கும் இரைக்கும் பொதுவான இடம். ஆகவே இந்த வாரக் கணக்கையும் விராலை வைத்தே போடுவோம்.

இழுப்பது மீனை மட்டுமல்ல

அகநானூற்றின் 36ஆம் பாடலில் நக்கீரர் ஒரு குளத்தைக் காட்டுகிறார். தூண்டிலை விழுங்கிய வரால், ஆம்பல், குவளை, வள்ளைக்கொடி எல்லாவற்றையும் குலைத்துக்கொண்டு பாய்கிறது. பிடித்தவன் இழுத்தும் வரவில்லை. உவமைக்காக எழுதிய காட்சிதான். ஆனால் விரால் தூண்டிலில் உள்ள சிக்கல் முழுவதும் அதில் இருக்கிறது. முள் ஏறியவுடன் விரால் திறந்த நீருக்கு ஓடாது. செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். ஒன்றரைக் கிலோ மீனோடு அதைவிடக் கனமான ஆகாயத்தாமரைக் கொத்தும் சேர்ந்து கரைக்கு வரும். “எத்தனை கிலோ தாங்கும்” என்று மீனை மட்டும் வைத்துக் கேட்பவர் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்.

ஆகவே கரையில் நின்று முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. செடி மேற்பரப்பை முழுக்க மூடியிருக்கிறதா? அல்லி, தாமரை இலைகள் போல இடைவெளி விட்டு நிற்கிறதா? அல்லது வேலம்பாசி போல நீருக்கடியில் மண்டி, மேலே ஒரு சாண் தெளிந்த நீர் இருக்கிறதா? நம் ஏரிகளில் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முள்ளும் கிளையுமாக நிற்கும் அவற்றின் நிழல்தான் விராலுக்குப் பிடித்த இடம். நரம்பு அறுபடும் இடமும் அதுவே.

லூர்: மூன்று நீருக்கு மூன்று

மேற்பரப்பு மூடியிருந்தால் தவளை லூர்தான், வேறு பேச்சில்லை. உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து, மூங்கில் கம்பால் செடிகளுக்கு நடுவே தட்டித் தட்டி விரால் பிடிப்பது நம் ஊர்களில் பழைய முறை. ரப்பர் தவளை அதே வேலையைத் தொலைவிலிருந்து செய்கிறது. அதன் உடல் உள்ளீடற்றது. இரட்டை முள் அடியில் தொங்காமல் முதுகை ஒட்டி, நுனிகள் மேல்நோக்கி இருக்கும்படி படுத்திருக்கும். அதனால் செடியில் மாட்டாமல் ஏறி இறங்கி வரும். மீன் கடிக்கும்போது உடல் அமுங்க, முள் வெளியே வரும்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை இதிலேயே இருக்கிறது. தவளையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்குங்கள். லேசான அழுத்தத்திலேயே இரண்டு நுனிகளும் தெளிவாக வெளிவர வேண்டும். ரப்பர் கெட்டியாக இருந்தால் விரால் கடிக்கும், தண்ணீர் தெறிக்கும், கைக்கு எதுவும் வராது. அந்தத் தவளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். நிறம் இரண்டாம் பட்சம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது பெரும்பாலும் வயிற்றுப்பக்கமும் வெளிச்சத்துக்கு எதிரான நிழலுருவமும்தான். கறுப்பில் ஒன்று, வெளிர்நிறத்தில் ஒன்று என இரண்டு போதும்.

செடிகளுக்கு நடுவே கையகலத் திறப்புகள் இருந்தால், வாலில் சிறு காற்றாடித் தகடு வைத்த தவளை நன்றாக வேலை செய்யும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் விராலுக்கென்றே வளர்ந்த வகை இது. இழுக்கும்போது தகடு சுழன்று கடகடக்கும். கலங்கிய நீரில் மீன் அந்தச் சத்தத்தைத் தேடி வரும். ஆனால் தகடு செடியில் சுற்றிக்கொள்ளும் என்பதால், முழுக்க மூடிய நீரில் இதற்கு இடமில்லை.

மேலே தெளிந்த நீர் இருக்கும் இடத்தில் பாப்பரும் ஸ்டிக்பெய்ட்டும் வரலாம். பாப்பரின் முகம் குழிந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் நீரை அள்ளி ‘பொளக்’கென்று துப்பும். ஸ்டிக்பெய்ட் சுருட்டு வடிவில் இருக்கும். நரம்பைத் தளரவிட்டுச் சுண்டினால் இடம் வலமாகத் தலையாட்டிக்கொண்டே வரும். அமெரிக்காவில் ஹெடன் நிறுவனம் 1939இல் கொண்டுவந்த ‘சாரா ஸ்பூக்’ இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. இன்றும் விற்பனையில் இருக்கிறது. அது பாஸ் மீனுக்காக வந்தது என்றாலும், காயம்பட்ட குஞ்சுமீனின் தள்ளாட்டத்தை எந்த வேட்டை மீனும் புரிந்துகொள்ளும். இவ்விரண்டிலும் தொங்குவது மூன்று நுனி முள். செடியுள்ள இடத்தில் எறிந்தால் முதல் எறிதலிலேயே பாசி அள்ளிக்கொண்டு வரும்.

நரம்பு: மிதக்குமா, மூழ்குமா?

நரம்பு வாங்கும்போது எல்லோரும் எடைத் தாங்கலைக் கேட்கிறார்கள். நீர்மேல் மீன்பிடிப்பில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது, நரம்பு மிதக்குமா என்பது. பிரெய்டு நரம்பு பாலியெத்திலீன் இழைகளால் பின்னியது. அதன் அடர்த்தி சுமார் 0.97, நீரைவிடச் சற்றுக் குறைவு, ஆகவே மிதக்கும். கடலோரத்தில் தங்கூஸ் என்று சொல்லும் நைலான் சுமார் 1.14, மெதுவாக அமிழும். ஃபுளோரோகார்பன் சுமார் 1.78, விறுவிறுவென்று மூழ்கும். நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று அதிக விலைக்கு விற்கப்படுவது இந்த மூன்றாவது வகைதான். ஆழத்தில் அந்தப் பெருமைக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. மேற்பரப்பிலோ, தான் மூழ்கும்போது பாப்பரின் மூக்கையும் சேர்த்துக் கீழே இழுக்கும். விலை கூடுதல் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு நீளும்? நைலான் அறுவதற்கு முன் தன் நீளத்தில் கால்வாசி வரைகூட நீளக்கூடியது. 20 மீட்டருக்கு அப்பால் செடிக்குள் விரால் கடித்திருக்கும்போது நீங்கள் வெட்டி இழுக்கும் விசையில் பெரும்பகுதியை அந்த நீட்சியே தின்றுவிடும். பிரெய்டு மிகக் குறைவாகவே நீளும். கை அசைந்தால் முள் அசையும்.

ஆகவே தவளைக்குப் பிரெய்டு. எவ்வளவு கெட்டி? மூடிய நீருக்கு 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ. மீன் இரண்டு கிலோவைத் தாண்டுவதே அபூர்வமாக இருக்கும் குளத்திலும் இதைத்தான் சொல்வேன். காரணம் மேலே சொன்ன செடிக்கொத்து. பளபளப்பான எட்டு இழைப் பின்னல் தொலைவாகப் போகும். சற்றுச் சொரசொரப்பான நான்கு இழை விலை குறைவு. செடித்தண்டை அறுத்துக்கொண்டு வருவதில் அதுவே கெட்டிக்காரத்தனம் காட்டும். தவளையோடு நேராகவே கட்டலாம்; இடையில் லீடர் என்னும் துண்டு நரம்பு வேண்டாம். பிரெய்டு வழுக்கும் என்பதால், நைலானுக்குப் போடும் வழக்கமான முடிச்சு உருவிக்கொள்ளும். நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சைப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்பூலின் அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைச் சுற்றினால், இழுக்கும்போது மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலாது.

பாப்பருக்கும் ஸ்டிக்பெய்ட்டுக்கும் 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு போதும். ஆனால் பிரெய்டு துணிபோலத் துவளும். லூர் நின்றவுடன் முன்னோக்கி வந்து முன் முள்ளில் சுற்றிக்கொள்ளும். முன்னால் இரண்டடி நைலானைக் கட்டினால் அதன் விறைப்பு இதைத் தடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. மாட்டிக்கொண்ட லூரை விடுவிக்கப் பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள், தோலைப் பிளந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

ராடு: இரண்டு முள், இரண்டு நியாயம்

இப்போதுதான் ராடு மூலைக்குப் போகிறோம். தவளையின் முள் தடித்த கம்பி. அது முதலில் ரப்பர் உடலை அமுக்கி வெளிவர வேண்டும். பிறகு விராலின் எலும்பு வாயில் இறங்க வேண்டும். அடுத்த நொடியே மீனின் தலையைச் செடிக்கு மேலே தூக்க வேண்டும். மூன்றுக்கும் விறைப்பான ராடு தேவை. கடைமொழியில் ‘ஹெவி’ வலிமை, ‘ஃபாஸ்ட்’ வளைவு: நுனி மட்டும் சற்று வளைந்து, அதற்குக் கீழே உடனே கெட்டியாகிவிடும் ராடு. நீளம் 7 அடி. வெட்டி இழுக்கும்போது தளர்ந்த நரம்பை ஒரே வீச்சில் திரட்ட அந்த நீளம் உதவும். தலைக்கு மேல் கருவேலங் கிளைகள் கவிந்த கரையாக இருந்தால் ஆறரை அடிக்கு இறங்கலாம்.

பாப்பரின் முள் சிறியது, மெல்லிய கம்பி. தொட்டாலே ஏறும். அதை விறைப்பான ராடால் வெட்டினால் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தண்ணீர் தெறித்ததைக் கண்டவுடன் கை தானாகத் துள்ளும்; மீன் லூரை வாய்க்குள் வாங்குவதற்கு முன்பே பிடுங்கிவிடுவோம். பாதி நீளம் வரை வளையும் ‘மீடியம்’ ராடு அந்த அவசரத்தைக் கொஞ்சம் தணித்துக் கொடுக்கும். தவளைக்கு அப்படி உதவ ராடு கிடையாது. கடித்தபின் ராடைத் தாழ்த்தி, நரம்பில் மீனின் கனம் தெரியும்வரை பொறுத்து வெட்டுவது உங்கள் வேலை. ஒரே ராடில் இரண்டையும் செய்யப் பார்ப்பவருக்கு இரண்டிலும் மீன் கழன்றுபோகும் காரணம் இதுதான்.

அப்படியானால் இருப்பதிலேயே விறைப்பான ராடை வாங்கிவிடலாமா? கூடாது. ராடின் அடியில் அச்சிட்ட எழுத்துகளைப் படியுங்கள். எத்தனை கிராம் லூருக்கு ஏற்றது என்று இருக்கும். நம் குளங்களுக்கு ஏற்ற சிறு தவளைகள் 8 முதல் 15 கிராம்தான். 30 முதல் 80 கிராம் என்று போட்ட கடல் ராடை இந்தத் தவளை வளைக்கவே செய்யாது. வளையாத ராடு எறியாது. தவளை உங்கள் காலடியிலேயே விழும். செடிக்கொத்தை இழுக்கும் முதுகும் 10 கிராமை எறியும் நுனியும் ஒரே கம்பில் வேண்டும். ராடு தேர்வின் முழுச் சிரமமும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. 10 முதல் 30 கிராம் என்று அச்சிட்ட ஹெவி ராடு அந்த இடத்துக்குக் கிட்ட வரும். கடையிலேயே உங்கள் தவளையின் எடையில் எதையாவது நுனியில் கட்டி ஆட்டிப் பாருங்கள்; நுனி உயிரோடு அசைய வேண்டும்.

கார்பனா, ஃபைபர் கண்ணாடியா? கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம். நாள் முழுக்கத் தவளையை ஆட்டும் மணிக்கட்டுக்கு நல்லது. ஆனால் முறியும். கூரையில் முட்டி வளைப்பதும், கரையருகே வந்த மீனை ராடைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்குவதும் நுனியை முறிக்கும் வழிகள். மீனை நரம்பைப் பிடித்தோ வலைக்கரண்டியாலோ எடுங்கள். சிறுவர்களுக்கும் முரட்டுக் கைகளுக்கும் ஃபைபர் கண்ணாடியே மேல். இதைவிட முக்கியமானது: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் எறியாதீர்கள். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

காசு குறைவென்றால்

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர்கள் உங்கள் குளத்தைப் பார்த்து ஒரு கூட்டை மட்டும் முடிவு செய்யுங்கள். மூடிய நீர் என்றால் அமுங்கும் தவளை இரண்டு, 50 பவுண்டு பிரெய்டு, 7 அடி ஹெவி ராடு. திறந்த நீர் என்றால் ஒரு பாப்பர், 20 பவுண்டு பிரெய்டு, ஆறரை அடி மீடியம் ராடு. பணத்தைக் குறைக்க வேண்டிய இடம் ராடின் பிராண்டுப் பெயர். குறைக்கக் கூடாத இடம் நரம்பு. சுமாரான ராடும் நல்ல நரம்பும் மீனைக் கரை சேர்க்கும். நல்ல ராடும் இற்றுப்போன நரம்பும் தவளையோடு மீனையும் செடிக்குள் விட்டுவிட்டு வரும். வாயில் முள்ளோடு அலையும் விராலுக்கு நாம்தான் பொறுப்பு.

அதே பொறுப்பில் இன்னும் இரண்டு. பல ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும், கேட்டுவிட்டு இறங்குங்கள். நீரின் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் மொய்ப்பதைக் கண்டால் அங்கே தவளையை எறியாதீர்கள். காவல் நிற்கும் தாய் தந்தை விரால்கள் எதன்மீதும் பாயும். அந்த இடத்தில் பிடிப்பது சுலபம். ஆனால் காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். அடுத்த பருவத்துக்கு நீங்கள் வாங்கி வைக்கும் சாமானுக்கு அதே குளத்தில் வேலை இருக்க வேண்டுமல்லவா?

அடுத்த வாரம் ரீல்: ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா? அவிழ்க்க முடியாத அந்தப் பிரெய்டுச் சிக்கல் எங்கிருந்து வருகிறது?

(வேட்டை தொடரும்)