கோவை பம்புசெட்டில் பெயரும் தரமும்

கொங்கு நாட்டில் பம்புசெட்டு வாங்க வரும் விவசாயி கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி?" என்பதுதான். குதிரைத்திறனும் விலையும் அதற்குப் பிறகுதான் பேச்சில் வரும். இப்படிக் கேட்பதற்கு வலுவான காரணம் உண்டு. அவினாசி, அன்னூர், பல்லடம் வட்டாரங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல்கள் சாதாரணம். அந்தக் குழிக்குள் இறங்கிய சப்மெர்சிபிள் மோட்டாரை மறுபடி பார்ப்பது பெரும்பாலும் அது எரிந்துபோன பிறகுதான். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே ஏற்றும் கூலி, வண்டி வாடகை, காயில் கட்டும் செலவு, அந்த நாட்களில் தண்ணீரில்லாமல் வாடும் பயிர் என்று நட்டம் பல பக்கமும் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து வாங்க முடியாத பொருளில், பெயரை நம்புவது மட்டுமே வழியாக இருந்தது.

அந்த நம்பிக்கை இந்த மண்ணிலேயே விளைந்தது. கோவை மழை மறைவுப் பகுதி, அடியில் கடும்பாறை. மாடு பூட்டிய கவலையால் நீர் இறைத்துக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு, 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் மின்சாரம் எட்டியது. 1926-இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் அதற்குள் தொழிற்கல்வியையும் பட்டறையையும் ஒன்றாக நடத்தத் தொடங்கியிருந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். 1956-இல் டெக்ஸ்மோ, 1961-இல் சி.ஆர்.ஐ. என்று அடுத்த தலைமுறை நிறுவனங்கள் எழுந்தன. அன்று ஒரு பெயர் என்றால் பெரும்பாலும் ஒரு தொழிற்சாலை. வார்ப்பு, கடைசல், காயில், சோதனை எல்லாம் ஏறக்குறைய ஒரே கூரையின் கீழ் நடந்தன. பழுது என்றால் வாங்கியவர் பஸ் ஏறி அந்தத் தொழிற்சாலை வாசலுக்கே போக முடிந்தது. பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும். அதனால் பெயரே உத்தரவாதமாக நின்றது.

இன்று அந்தக் கூரை பல கூரைகளாகப் பிரிந்துவிட்டது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு, துடியலூர் தெருக்களில் ஒரு பட்டறை வார்ப்பை ஊற்றுகிறது. இன்னொன்று ஸ்டாம்பிங் வெட்டுகிறது. மற்றொன்று ரோட்டரை டைகாஸ்ட் செய்கிறது. இம்பெல்லர், புஷ், த்ரஸ்ட் பேரிங் எல்லாமே தனித்தனி ஜாப் ஒர்க். பெரிய பெயருக்குப் பொருள் தரும் அதே பட்டறை, பெயர் தெரியாத கம்பெனிக்கும் தருகிறது. வெளியூர்ப் பிரபலப் பெயர்களில் விற்கும் பம்புகள் சிலவும் கோவைப் பட்டறைகளில் தயாராகி அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு போகின்றன. இந்த வேலைப் பிரிவினையால் மட்டும் தரம் கெடாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பட்டறைக்குக் கைத்தேர்ச்சி கூடவே செய்யும். ஆனால் பெயரின் பொருள் மாறிவிட்டது. பெயர் இப்போது உற்பத்தியைக் காட்டிலும், வந்த உதிரிபாகத்தை எவ்வளவு கண்டிப்பாகச் சோதித்து ஏற்கிறார்கள், எதைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையே குறிக்கிறது. அந்தக் கண்டிப்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் வேறு.

உலகம் முழுவதும் கருவிச் சந்தை இந்தப் பாதையில்தான் போயிருக்கிறது. அமெரிக்கத் தச்சர்களும் பிட்டர்களும் தலைமுறைகளாக நம்பிய மில்வாக்கி, 2005 முதல் ஹாங்காங்கைச் சேர்ந்த டெக்ட்ரானிக் நிறுவனத்தின் சொத்து. சியர்ஸ் கடைகளின் அடையாளமாக இருந்த கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயர் 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்பே, 1992-இல், பிளாக் அண்ட் டெக்கர் தன் தொழில்முறைக் கருவிகளை டிவால்ட் என்ற மஞ்சள் நிறப் பெயரில் புதிதாக இறக்கியது. வீட்டுக் கருவிகளோடு ஒட்டிப்போன தன் சொந்தப் பெயரைத் தொழிலாளிகள் மதிக்கவில்லை என்பதே காரணம். இந்தியாவில் கிராம்ப்டன் கிரீவ்ஸ் 2016 வாக்கில் இரண்டாகப் பிரிந்தது. வீட்டுப் பம்பும் மின்விசிறியும் ஒரு நிறுவனத்துக்கும், தொழிற்சாலை மோட்டார் இன்னொன்றுக்கும் போயின. இந்த மாற்றங்களால் கருவிகள் மோசமாகிவிட்டன என்று சொல்ல முடியாது. மில்வாக்கி புதிய உரிமையாளரிடம் வளரவே செய்தது. தாத்தா வாங்கிய கருவியின் அனுபவத்தை வைத்துப் பேரன் இன்றைய கருவியை அளக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

ஒரு மோட்டாரில் தரம் எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால், எங்கே அதைச் சுரண்ட முடியும் என்பதும் தெரிந்துவிடும். முதலிடம் காயில் கம்பிக்கு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 61 சதவீதம். அதே தடிமனில் அலுமினியக் கம்பி சுற்றினால் மின்தடை 1.6 மடங்காகி, அந்த அளவுக்கு வெப்பமும் கூடும். அதைச் சரிக்கட்டும்படி தடித்த கம்பியும் பெரிய பள்ளமும் வைத்து வடிவமைத்தால் அலுமினிய மோட்டாரும் நன்றாக ஓடும். செம்புக்கான இடத்தில் அலுமினியத்தைத் திணித்தால் ஓடாது. 2021 மே மாதம் உலகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஜூலையில் பம்புகளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. ராஜ்கோட், அகமதாபாத் பம்புகளின் விலைப்போட்டி வேறு. இத்தனை நெருக்கடியில் கம்பியில் சில நூறு கிராம் குறைத்துவிடும் ஆசை எந்தத் தயாரிப்பாளருக்கும் எழக்கூடியதுதான்.

அடுத்தது ஸ்டாம்பிங். சிலிக்கன் கலந்த மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கியே ஸ்டேட்டர் உருவாகிறது. மட்டரகத் தகடு போட்டாலும், அடுக்கின் நீளத்தைக் குறைத்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் வாங்கும் மின்சாரத்தில் கூடுதல் பங்கை வெப்பமாக வீணடிக்கும். காயில் இன்சுலேஷனின் ஆயுள், வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் கணக்கு. எனவே இன்று மிச்சம் பிடித்த செம்பும் எஃகும் நான்கு வருடம் கழித்து எரிந்த மோட்டாராகத் திரும்பி வரும். கடையில் நிற்கும்போது இரண்டு மோட்டாரும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

வோல்டேஜ் இந்த வட்டாரத்துக்கே உரிய சோதனை. இண்டக்‌ஷன் மோட்டாரின் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300 வோல்ட் வந்தால், விசை ஏறக்குறைய 52 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்டை உறிஞ்சும், காயில் சூடேறும். கொங்குப் பட்டறைகள் பல்லாண்டுகளாகத் தாழ்ந்த வோல்டேஜிலும் தாக்குப்பிடிக்கும் மோட்டார்களை வடிவமைத்தே பெயர் எடுத்தன. கோவை மோட்டார் சாகாது என்ற புகழ் வெறும் விளம்பரத்தில் வந்ததல்ல. எரியாத காயிலில் வந்தது.

அந்தப் புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய இணைப்புகள் இந்தச் சலுகையில் ஓடுகின்றன. உழவருக்கு அது தேவையான உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மின்கட்டணம் வராத இடத்தில், பம்பு எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது என்பதைச் சொல்லும் ஆள் இல்லாமல் போகிறது. ஆகவே நாற்பது ஆண்டுகளாகச் சந்தை ஒரு பெயரை உரசிப் பார்த்தது இரண்டு கேள்விகளால்தான்: எரிந்ததா, தண்ணீர் வந்ததா? திறன் என்ற மூன்றாவது கேள்வியில் எந்தப் பெயரும் வாங்குவோரிடம் தேர்வு எழுதியதே இல்லை. கோவை பம்பின் பெயர் உழைப்புக்கு நம்பகமான சாட்சி. திறனுக்கு அது சாட்சியாக முடியாது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 100 மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 2 லிட்டர் நீரைத் தூக்க அடிப்படையில் வேண்டிய ஆற்றல் 2 x 100 x 9.81, அதாவது ஏறக்குறைய 1,960 வாட். இந்த வேலைக்கு ஒரு பம்புசெட்டு 4,400 வாட்டை எடுத்தால் அதன் மொத்தத் திறன் 45 சதவீதம். இன்னொன்று 5,500 வாட்டை எடுத்தால் 36 சதவீதம். குழாய் வாயில் விழும் நீர் இரண்டிலும் ஒன்றே. இரண்டின் மேலும் 5 எச்.பி. என்றே எழுதியிருக்கலாம்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தரச்சான்றுகள் இருக்கின்றன. போர்வெல் சப்மெர்சிபிள் பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034, அதன் மோட்டாருக்கு ஐ.எஸ். 9283, திறந்த கிணற்று சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என்று தனித்தனித் தரநிலைகள் உள்ளன. எரிசக்தித் திறன் ஆணையத்தின் நட்சத்திர முத்திரை அதற்கு மேல் ஒரு படி. அது முதலில் வகுத்த அளவுகோலில், ஐ.எஸ். கேட்கும் குறைந்தபட்சத் திறனை மட்டும் எட்டினால் ஒரு நட்சத்திரம். அதைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் ஐந்து. கோவையில் பம்புத் தொழிலுக்காகவே உருவான சிடார்க் சோதனை மையம் பம்பையும் மோட்டாரையும் அளந்து சான்று தருகிறது. இந்தச் சான்றுகள் எவையும் பொத்தாம்பொதுவாகக் கம்பெனிக்குத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட வகைக்கும் குறிப்பிட்ட மாடலுக்குமே தரப்படுகின்றன. ஒரு கம்பெனியின் ஐந்து நட்சத்திர மாடலுக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், நட்சத்திரமே இல்லாத மலிவு மாடலும் கடையில் நிற்கும்.

பெயரைச் சார்ந்த இன்னொரு ஆபத்து போலி. ஓர் எழுத்தை மாற்றி, அதே வண்ணத்தில், அதே வடிவ எழுத்தில் பெயர் அச்சிட்ட பம்புகள் வட மாநிலங்கள் வரை போகின்றன. பெயர் எவ்வளவு மதிப்புள்ளதோ அந்த அளவுக்கு அதைத் திருடுவதில் லாபம் இருக்கிறது.

நல்ல பெயரும் நல்ல மாடலும் சேர்ந்தாலும், பொருத்தம் தவறினால் பலனில்லை. 600 அடி ஹெட்டுக்காக, அதாவது நீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரத்துக்காக, வடித்த ரேடியல் வகைப் பம்பை, தண்ணீர் 250 அடியில் நிற்கும் போரில் இறக்கினால் அது அளவுக்கு மீறி நீரைத் தள்ளி மோட்டாரைச் சுமையேற்றும். கணக்கில் எடுக்க வேண்டியது போரின் ஆழம் அல்ல. பம்பு ஓடும்போது நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அது. அதோடு தொட்டி உயரமும் குழாய் உராய்வும் சேரும். கம்பெனியின் மேல் விழும் பழியில் ஒரு பங்கு உண்மையில் இந்தப் பொருத்தக் கோளாறுக்கு உரியது.

காயில் கட்டும் கடைக்காரரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கம்பியின் தடிமனையும் பள்ளம் நிரம்பியிருக்கும் அளவையும் கையால் தொட்டுப் பார்ப்பவர் அவர் ஒருவரே. ஆனால் அவர் பார்ப்பது எரிந்த மோட்டார்களை மட்டும். எரியாமல் ஓடுபவை அவர் கடைக்கு வருவதில்லை. அதிகம் விற்கும் கம்பெனி அவர் கண்ணுக்கு அதிகம் எரியும் கம்பெனியாகத் தெரியும். அவரிடம் எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட, எந்த மாடலில் செம்பு எவ்வளவு என்று கேட்பது பயன் தரும்.

பழைய பெயர்கள் இன்றும் உறுதியாகத் தருவது சர்வீஸ். தாராபுரத்திலோ கோபியிலோ மோட்டார் நின்றால் மறுநாளே உதிரிபாகம் கிடைப்பதும், வாரண்டியை மதித்து மாற்றித் தருவதும் பெயர் தெரியாத மலிவுப் பம்பில் நடப்பது அரிது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. தரத்துக்கு வேறு இடத்தில் பார்க்க வேண்டும். மோட்டார் மேலுள்ள தகட்டில் ஹெட், வெளியேற்றம், கரண்டு, திறன் நான்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். காயில் செம்புதான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் உள்ளதா என்பது கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.